ஐம்பத்தெட்டு

கேத்னெஸ். நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
சமூகக் கூடத்து ஹீட்டர் நாணயம் போட்டால்தான் எரியும்.
காற்றாலைக் கம்பெனி வருஷம் ஒருமுறை தரும் பணம்
முப்பதாயிரம் பவுண்டு.
விண்ணப்பம் பதினான்கு, நடுவர் ஐவர்.
நான் நடுவரில்லை. குறிப்பெடுப்பவள்.
கூட்டல் என் வேலை. கருத்து என் வேலையல்ல.

தேவை எவ்வளவு: இருபது.
எத்தனை பேருக்குப் பயன்: இருபது.
செய்து முடிப்பார்களா, கொடுத்த காசுக்குத் தகுமா,
நம் காசு தீர்ந்த பின்னும் நிற்குமா:
ஒவ்வொன்றுக்கும் இருபது.
அறுபதுக்குக் கீழே இறங்கினால்
அன்பான கடிதம் ஒன்று போகும்.

முதலில் பள்ளிக்கூடத் தோட்டம்.
குழந்தைகள் மண் அள்ளும் படம்.
ஆர்ச்சி கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.
எழுபத்தொன்பது.

அடுத்தது எடின்பரோவில் ஆள் வைத்து எழுதியது.
முப்பத்தெட்டுப் பக்கம்.
'மீள்திறன்' என்ற சொல் நாற்பத்தோரு தடவை
(எண்ணுவதும் என் வேலை).
எழுதியவர் அந்தச் சதுப்பில் கால் வைத்ததே இல்லை
என்றாள் ரோவன்.
ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது.
எண்பத்துநான்கு.

ஆறாவது ஒற்றைத் தாள். நீல மை.
டோனல் ஸ்வான்சன், ஆடு வளர்ப்பவர்.
பாதைக்கு அடியில் ஓடையைக் கொண்டுபோகும் குழாய்
தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
வாய் பிளந்து தொங்குகிறது, என்று எழுதியிருந்தார்.
அட்லாண்டிக்கின் அந்தக் கோடியிலிருந்து
வருஷக்கணக்காய் மிதந்து
விரல் நீளத்தில் கண்ணாடி போல வந்து சேரும் விலாங்குக் குஞ்சுகள்
அந்த ஒரு சாணுக்குக் கீழே நின்றுவிடுகின்றன.
வேண்டியது: கல், தூரிகைப் பாய், இரண்டு நாள் வாடகைக்குத் தோண்டும் இயந்திரம்.
அறுநூற்று நாற்பது பவுண்டு.
பயனாளிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
"இருட்டில் எண்ண முடியவில்லை. நிறைய."

இஷ்பெல் எழுந்தாள்.
"அவர் என் தங்கையின் கணவர்."
விதி அப்படி. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
குழாயை நேரில் பார்த்த ஒரே ஆள்
கதவுக்கு அந்தப் பக்கம்.
கெட்டில் கொதித்து அடங்கியது, மறுபடி கொதித்தது.

ஒற்றை ஆள் சமூகமாகுமா?
போட்டோ எங்கே?
அதுவும் விலாங்கு; யாருக்குப் பிடிக்கும், என்றார் ஒருவர்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.
மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.
நால்வர் போட்டதைக் கூட்டி நாலால் வகுத்தேன்.
ஐம்பத்தெட்டு.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது
விலாங்கு மட்டுமில்லை,
நான் தட்டச்சு செய்த கடிதமும்தான்:
"நடுவர்கள் மிகவும் ரசித்தார்கள். இருப்பினும்."

டிசம்பரில் அவரே போன் செய்தார்.
கோபமில்லை, ஒரே கேள்விதான்.
அந்த இரண்டு மார்க் எங்கே போயிற்று?
"வங்கிக் கணக்குக்கு இரண்டாவது கையெழுத்து இல்லை.
அதில் ஒன்று."
"இன்னொன்று?"
சூப் ஆறிக்கொண்டிருந்தது என்று
எப்படிச் சொல்வேன்?
அடுத்த கூட்டம் வரும் நவம்பரில் என்றேன்.
அவை மே மாதம் வரும் என்றார்.
கொஞ்ச நேரம் இருவரும் போனை வைக்கவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை
ரப்பர் பூட்ஸ் இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.
இஷ்பெல் எனக்கு முன்பே வந்து
முழங்கால் நீரில் கல் சுமந்துகொண்டிருந்தாள்.
யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
இயந்திரத்துக்குக் காசில்லை, பாய்க்கும் இல்லை.
பழைய மீன்வலைக் கயிற்றைப் பிரித்து
குழாய் வாயிலிருந்து நீர் வரை தாடி போலத் தொங்கவிட்டோம்.
கல் மட்டும் எண்ணினேன், பழக்கம்: நூற்றுப் பதினொன்று.

கயிறு பிடிக்குமா, ஏறுமா, தெரியாது.
சாண் ஏறினால் முழம் சறுக்கும்தான்.
ஆனால் இங்கே
ஏற வேண்டியதே ஒரு சாண்.